பி பக்கத்தின் கடைசிப் பதினொரு நிமிடம்

மகனே,

இந்தக் கடிதத்தில் நடந்தது நடந்தபடியே எழுதப்படும். எனக்குச் சாதகமாக எதையும் சேர்க்க மாட்டேன், எதையும் விடவும் மாட்டேன். இதே உறுதிமொழியைப் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாற்பது பக்க நோட்டின் முதல் பக்கத்தில் பச்சை மையால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அந்த நோட்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதில் ஒரு வரி பொய். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து போன் செய்தாய். கல்யாணத்தன்று மண்டபத்தில் போடுவதற்காக உன் சவரி மாமாவின் கேசட்டை ஸ்டுடியோவில் வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருப்பதாகச் சந்தோஷமாகச் சொன்னாய். பிறகு கொஞ்சம் தயங்கி, "அம்மா, பி பக்கத்துல கடைசிப் பதினோரு நிமிஷத்த காதர் மாமா தெரியாம அழிச்சுட்டாருன்னுதானே சொல்லுவீங்க? அத யாரும் அழிக்கலம்மா. அழிச்ச டேப்போட இரைச்சல் வேற, ஒண்ணுமே பதியாத டேப்போட இரைச்சல் வேற. இது பிரிச்ச அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. அங்க மாமா வாசிக்கவே இல்லயா?" என்று கேட்டாய். நான் "தெரியலப்பா" என்றேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. எனக்குத் தெரியும். மாமா அங்கே வாசித்தான். பதினொரு நிமிடம் வாசித்தான். நான்தான் அதைக் கேசட்டில் பிடிக்கவில்லை.

சவரி அண்ணனை நீ சுவரில் மாட்டிய படமாகத்தான் பார்த்திருக்கிறாய். அவன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். நான் மூன்றாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். அதன் பிறகு வீட்டில் எரிந்த அடுப்பு அண்ணனின் கிளாரினெட்டால் எரிந்தது. ஏலாக்குறிச்சி பக்கத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் அரியலூர் போய், அங்கே ஒரு பேண்டு செட்டோடு சேர்ந்துகொள்வான். தேர் பவனிக்கு வாசிப்பான், கல்யாண ஊர்வலத்துக்கு வாசிப்பான், சாவுக்கும் வாசிப்பான். முதல் இரண்டுக்கும் எந்த செட் கிடைத்தாலும் சரி என்பார்கள். சாவுக்கு மட்டும் "சவரி வருவானா" என்று கேட்டு ஆள் அனுப்புவார்கள். காரணம், வீட்டு வாசலிலிருந்து கல்லறைவரை அவன் வாசித்த ஒரு மெட்டு. அதை செட்டுக்காரர்கள் கடைசி நடை என்பார்கள். அவனே உண்டாக்கியது. பெட்டி தூக்குகிறவர்களின் காலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாசிப்பான். அவர்கள் தோள் மாற்றும்போது மெட்டு ஒரு மூச்சு நிற்கும், அவர்கள் நடந்தால் அதுவும் நடக்கும். "அழவைக்கிறதுக்கு வாசிக்கலடா, அழுவுறவங்க தானா அழுவாங்க. தூக்கிட்டுப் போறவனுக்குப் பாரம் தெரியக்கூடாது, அதுக்குத்தான் வாசிக்கிறேன்" என்று தன் செட்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

நான் அரியலூரில் பெண்கள் பள்ளியில் படித்தேன். எப்போதும் கையில் ஒரு புத்தகம், இடுப்பில் செருகிய ஒரு பென்சில், எதைப் பார்த்தாலும் எழுதிவைக்கிற பழக்கம். அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "டீச்சர், சாப்ட்டியா?" "டீச்சர், விளக்கைத் தூண்டவா?" என்றுதான் கேட்பான். ஒருநாள் மதிய இடைவேளையில் நாங்கள் காம்பவுண்டு சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு சாவு ஊர்வலம் தெருவில் வந்தது. முன்னால் அண்ணன். வாயில் கிளாரினெட் இருந்ததால் சிரிக்க முடியாது. என்னைப் பார்த்ததும் புருவத்தை இரண்டு முறை தூக்கிக் காட்டினான். வீட்டில் சாப்பிடும்போது செய்கிற விளையாட்டு அது. பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள்: "யாருடி அது, சாவு மேளக்காரன் ஒன்னயப் பாத்து மூஞ்சியக் காட்டுறான்? தெரிஞ்சவனா?" நான் "தெரியாது" என்றேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "பள்ளிக்கூடத்துக்கிட்ட வந்தா என்னயப் பாக்காதண்ணே" என்றும் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்தபடி, "சரிங்க டீச்சர்" என்றான். அதற்கப்புறம் அந்தத் தெருவில் வரும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே வாசித்துப் போவான். நான் போட்டிருந்த சீருடைத் துணி எந்தச் சாவு வீட்டுக்கு வாசித்துவிட்டு வாங்கியது என்று எனக்குத் தெரியும்.

காதர் அண்ணன் அந்த மெட்டால்தான் எங்களுக்குக் கிடைத்தார். லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஏதோ வேலையாக அரியலூர் வந்தவர், பஸ் ஏறப் போன நேரத்தில் ஊர்வலத்தைக் கேட்டிருக்கிறார். யார் செத்தது என்றுகூடத் தெரியாமல் பின்னாலேயே கல்லறைவரை போய்விட்டார். எல்லோரும் மண் போட்டு முடிந்ததும் அண்ணனிடம் போய், "மாப்ள, ஒன்னால எனக்கு பஸ்ஸு போச்சு" என்றாராம். "அடுத்த பஸ்ஸுக்கு நான் பொறுப்பு" என்று சைக்கிளில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான் அண்ணன். அன்றிலிருந்து அப்படி ஒரு சிநேகம். பிறகு காதர் அண்ணன் சவூதியில் தம்மாம் என்ற ஊருக்கு வேலைக்குப் போனார். முதல் விடுமுறையில் வந்தபோது, தன் டேப் ரெக்கார்டரையும் புதிதாக ஒரு கேசட்டையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கேசட் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஓடும். விசா விஷயமாக அவர் மெட்ராஸ் போக வேண்டியிருந்தது. "நாலு நாள் இது ஒங்கக்கிட்ட இருக்கட்டும். மத்ததெல்லாம் ஒன் இஷ்டம் மாப்ள. அந்த நடைய மட்டும் எனக்குப் புடிச்சுக் குடுத்துரு. அங்க ராத்திரியில ஒத்தையாக் கெடக்கிறேன், கேட்டுக்கிட்டுப் படுப்பேன்" என்றார்.

"எல்லாரும் தூங்குறதுக்குத் தாலாட்டுக் கேப்பாங்க, இவன் பாரு, சாவுப் பாட்டுக் கேக்குறான்" என்றான் அண்ணன். ஆனால் அவன் முகம் அன்று பூராவும் சிரித்தபடியே இருந்தது.

மிஷினை யார் இயக்குவது என்ற கேள்வியே எழவில்லை. காதர் அண்ணன் என்னை உட்காரவைத்துக் காட்டினார். "இங்க பாரு தங்கச்சி, இந்தச் செவப்புப் பட்டன், இந்தப் பக்கத்துப் பட்டன். ரெண்டயும் ரெண்டு விரலால ஒண்ணா அமுத்தணும். ஒத்த விரலால பக்கத்துப் பட்டன மட்டும் அமுத்துனா டேப்பு சுத்தும், ஆனா புடிக்காது." நான் அதைப் படத்தோடு நோட்டில் எழுதிக்கொண்டேன். அதற்காகத்தான் அந்த நோட்டையே வாங்கினேன்.

மூன்று நாட்கள் எங்கள் வீடு என் ஆட்சியில் இருந்தது. எந்தப் பாட்டுக்குப் பிறகு எது, எத்தனை நிமிடம், மிஷினில் சுற்றுகிற எண் எத்தனையில் ஆரம்பித்து எத்தனையில் முடிந்தது என்று எல்லாவற்றையும் குறித்தேன். வீட்டில் புதிதாக ஒரு டியூப்லைட் போட்டிருந்தோம். அது ரீங்காரம் போடும், அந்த ரீங்காரம் கேசட்டில் விழும் என்று முதல் பாட்டிலேயே கண்டுபிடித்தேன். அதிலிருந்து ஒவ்வொரு முறையும் லைட்டை அணைத்த பிறகுதான் பட்டனை அழுத்துவேன். ஜன்னல் வெளிச்சம் அண்ணனுக்குப் போதும். நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் வரியாக "லைட் அணைக்கப்பட்டது" என்று எழுதியிருக்கும். அம்மா தாளிக்கக் கூடாது, கோழி உள்ளே வரக் கூடாது என்றும் உத்தரவு போட்டேன். "ஏண்டி, மூணு நாளைக்குக் கொழம்பே கெடையாதுன்னு கலெக்டரு உத்தரவா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். அந்தக் குரல் ஏ பக்கத்தில் நான்காவது பாட்டுக்கு முன்னால் விழுந்திருக்கிறது. நான் அதை ஒரு குறை என்று சிவப்பு மையால் எழுதிவைத்திருக்கிறேன். உன் அம்மாயியின் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஒரு இடத்தில்தான். அதைச் சுத்தம் செய்துவிடாதே.

நான்காம் நாள் பி பக்கத்தில் பதினொரு நிமிடம் பாக்கி இருந்தது. அண்ணன் அதைக் கடைசி நடைக்காகவே ஒதுக்கிவைத்திருந்தான். கூரை போட்ட வீட்டுக்குள் அதை வாசிக்கக் கூடாது என்பது செட்டுக்காரர்களின் வழக்கம். சாவு விழாத வீட்டில் வாசித்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். "வூட்டுக்குள்ள வேணாம்டா" என்று அம்மாவும் சொன்னாள். அதனால் மிஷினுக்குப் பேட்டரி போட்டு, ஊருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் எடுத்துவிட்டுப் போட்டிருந்த பழைய பள்ளத்துக்கு சைக்கிளில் போனோம். அந்தப் பள்ளத்துச் சுவரில் கல்லாகிப்போன சிப்பிகள் இருக்கும். எப்போதும் போனால் அதைத்தான் நான் பொறுக்குவேன். அன்று பொறுக்கவில்லை. வழியெல்லாம் நான் வேறு ஒன்றை யோசித்துக்கொண்டு வந்தேன்.

அதைச் சொல்லிவிடுகிறேன். காதர் அண்ணன் அந்தக் கேசட்டை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய், இன்னொரு பிரதி எடுத்து எனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பிரதியைப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சரிடம் கொடுப்பதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். என் அண்ணன் ஒரு கிளாரினெட் வித்வான் என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். ஆண்டு விழாவில் ஒலிபெருக்கியில் போடலாம் என்று அவரும் சொல்லியிருந்தார். கேசட்டின் கடைசியில் இந்த மெட்டு இருந்தால், சுவர் ஓரம் நின்று கேட்ட அத்தனை பெண்களுக்கும் தெரிந்துவிடும். அண்ணனிடம் "இது வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் "சரிங்க டீச்சர்" என்றிருப்பான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நல்ல பிள்ளை என்ற பெயரும் வேண்டும், அந்த மெட்டும் கேசட்டில் விழக் கூடாது.

மிஷினை ஒரு கல்லின் மேல் வைத்தேன். "நின்னுக்கிட்டு வாசிக்க வராது டீச்சர், நடந்தாத்தான் வரும். சுத்தி வரேன், பரவால்லயா?" என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, கிளாரினெட்டை வாயில் வைத்து, என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான். நான் ஒற்றை விரலால் பட்டனை அழுத்தினேன். சிவப்புப் பட்டனைத் தொடவில்லை. கேசட் சுற்றியது. அவன் அந்தப் பள்ளத்துக்குள் மெதுவாகச் சுற்றி வந்து வாசித்தான். இல்லாத நான்கு பேர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவது போல அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டு, அவர்கள் தோள் மாற்றும் இடத்தில் மூச்சு நிறுத்தி வாசித்தான். அதற்கு முன்பும் பின்பும் யாரும் எதையும் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. பாதியில் என் கண் அந்தச் சிவப்புப் பட்டனுக்குப் போனது. அப்போதாவது நிறுத்தி இரண்டு விரலால் அழுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பானே என்று உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "புடிச்சுதா டீச்சர்?" என்றான். "புடிச்சுதுண்ணே" என்றேன். போட்டுக் கேட்கலாம் என்றான். பேட்டரி போய்விடும் என்றேன். "அதுவும் சரிதான். காதர் வந்து மொதல்ல கேக்கட்டும், நடை ஆரம்பிக்கிற எடத்துக்குச் சுத்திவையி" என்றான். சுற்றிவைத்தேன். அன்று வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: "கடைசி நடை. பதினொரு நிமிடம். நன்றாகப் பதிவாயிற்று." வெளியில் என்பதால் லைட் அணைக்கப்பட்டது என்ற வரி மட்டும் இல்லை.

காதர் அண்ணன் அவசரமாக வந்தார். பம்பாய் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. "அங்க போயிக் கேட்டுட்டு எழுதுறேன் மாப்ள" என்று மிஷினைப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அதன் பிறகு அவரிடமிருந்து கடிதங்கள் வந்தன. வேலையைப் பற்றி, வெயிலைப் பற்றி, ஏ பக்கத்தில் இருந்த பாட்டுகளை அறையில் எல்லோரும் கேட்பதைப் பற்றி எழுதுவார். பிரதி எடுப்பதைப் பற்றி எழுதுவதே இல்லை. கடைசி நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை இருக்காது. கடிதத்தை அண்ணனுக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். அவன் முடிந்ததா என்று கேட்டு, பின்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்வான். அடுத்த மழைக்காலத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முற்றிப்போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, "காதருக்கு அது புடிக்கல போலருக்கு டீச்சர். பஸ்ஸ விட்டுட்டு வந்து கேட்டப்ப இருந்தது வேற, தனியாக் கேட்டா வேற போல" என்றான். நான் கரண்டியைத் துடைத்தேன். "அப்படியெல்லாம் இருக்காதுண்ணே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒன்பது நாள் கழித்து அவன் போய்விட்டான். அவனுக்கு வேறு ஒருவர் வாசித்தார். பாவம், அவருக்கு அது தெரியவில்லை. தூக்கிக்கொண்டு போனவர்கள் வழியில் இரண்டு முறை இறக்கிவைத்தார்கள்.

முதல் வருட நினைவுப் பூசைக்குக் காதர் அண்ணன் விடுமுறை எடுத்து வந்தார். பூசை முடிந்து தெருவே எங்கள் வாசலில் கூடியது. சவரி வாசித்தது கேசட்டில் இருக்கிறதாம், போடுங்கள் என்றார்கள். போட்டார். இரண்டு பக்கமும் ஓடியது. பி பக்கத்தில் மாதா பாட்டு முடிந்ததும் வெறும் இரைச்சல். "சத்தமா வையிப்பா" என்றார் ஒருவர். சத்தமாக வைத்தார். இரைச்சல்தான் சத்தமானது. காதர் அண்ணன் எழுந்து அம்மா முன்னால் போய் உட்கார்ந்தார். "அம்மா, அவன் வாசிச்சது இதுலதான் இருந்துச்சு. பேட்டரியக் கழட்டாம பெட்டில அமுத்தி வச்சுட்டேன். ரயில்ல ரெண்டு பட்டனும் அமுங்கி ஓடியிருக்கு. அங்க போயிப் போட்டுப் பாக்கிறேன், ஒண்ணும் இல்ல. சவரிக்கு எப்புடி எழுதுறதுன்னு தெரியாம இருந்துட்டேன். நான்தாம்மா அழிச்சுட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போவுது தம்பி, நீ என்ன பண்ணுவ" என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த நோட்டு என் கையில் இருந்தது. பொய் சொல்லக்கூட அன்று எனக்கு வேலை வைக்கவில்லை அவர். சும்மா இருந்தால் போதும். இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், ஆனால் ஏன் நடந்தது என்று தெரியாது. ஒவ்வொரு விடுமுறைக்கும் அவர் எதையாவது தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது பேனா. அம்மாவுக்குக் கம்பளி. உனக்கு ஆறு வயதானபோது அந்தச் சின்ன டேப் ரெக்கார்டர். அதைப் பிரித்துப் பிரித்து மாட்டித்தானே நீ இந்தத் தொழிலுக்கு வந்தாய்? செய்யாத தப்புக்கு ஒரு மனிதர் கொண்டுவந்து கொடுத்த சாமான் அது. நீ கோயிலில் முதல்முறை அப்பம் வாங்கிய புதுநன்மை அன்று அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அந்தக் கேசட்டு" என்று ஆரம்பித்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "அத ஞாபகப்படுத்தாத தங்கச்சி" என்றார். அப்பாடா என்று விட்டுவிட்டேன். அம்மா சாகும்வரை, காதர் நல்லவன்தான், கொஞ்சம் கவனமா வச்சிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்போதும் நான் பேசவில்லை.

நீ போன் செய்த மறுநாள் பூராவும் அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை காலை பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி லப்பைக்குடிக்காடு போனேன். உன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருப்பதாக நினைத்து, நூர்ஜஹான் அண்ணி இனிப்பு எடுக்க உள்ளே போனார்கள். நான் அவர்கள் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். ஒற்றை விரல், பள்ளிக்கூடத்துச் சுவர், ஆஸ்பத்திரியில் அண்ணன் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொன்னதை மட்டும் விட்டுவிடலாமா என்று பஸ் பூராவும் யோசித்தேன். விட்டால் அதுவும் இன்னொரு ஒற்றை விரல்தானே.

காதர் அண்ணன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எனக்குப் புடிக்கலன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டானா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். "நல்லாருந்துச்சு மாப்ளன்னு ஒரு வரி எழுதிரலாமான்னு பேனாவ எடுத்தேன். கேக்காதத கேட்டேன்னு அவன்கிட்டப் போயிப் பொய் சொல்றதான்னு வச்சுட்டேன். எழுதியிருக்கலாம்." மறுபடி என்னைப் பார்த்து, "தம்மாம்ல ஒரு கடை விடாம ஏறி எறங்கியிருக்கேன், அழிஞ்சத திரும்ப எடுக்க முடியுமான்னு. எல்லாப் பயலும் சிரிச்சான். ஒரே ஒரு தடவ நீ வாயத் தொறந்திருக்கலாம்ல?" என்றார். அண்ணி இனிப்புத் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

"புள்ளக்கிட்ட சொல்லிட்டியா?" என்றார். இல்லை என்றேன். "போன்ல சொல்லாத. அழுது மழுப்பிருவ. எழுது. நோட்டுல எழுதுனல்ல, அது மாதிரி எழுது" என்றார். அதனால்தான் இது கடிதமாக வருகிறது. உன் கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் நிற்க அவரைக் கேட்டிருந்தோமே, அதைப் பற்றி நான் வாயெடுக்கவில்லை. அவரே சொன்னார்: "கல்யாணத்துக்கு வருவேன். அது அவனுக்காக. ஒனக்காக இல்ல." அது நியாயம்தான், மகனே.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் ஒரு பெண்ணோடு வாழப் போகிறாய், அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு. சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே விரலை எடுத்துவிடாதே. உன் தப்பை வேறு ஒருவர் தானாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டால் அன்றைக்கே இறக்கிவிடு. மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம். நாற்பது வருஷம் கழித்துச் சொன்னால் யாருக்கும் எதுவும் குறையவில்லை என்பதை நேற்று முன்தினம் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அவர் பாரம் இறங்கவில்லை. வேறு பாரமாக மாறியது, அவ்வளவுதான்.

இந்த உறையில் ஒரு கேசட்டும் இருக்கிறது. அது எப்படி வந்தது என்றும் எழுதிவிடுகிறேன். நான் கிளம்ப எழுந்தபோது, "ஒனக்கு அது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ஒரு நாள்கூட மறந்ததில்லை. "பாடு" என்றார். வீட்டுக்குள் பாடக் கூடாதே அண்ணே என்றேன். "எங்க மவுத்துக்கு, எங்க சாவுக்கு, மேளமும் கெடையாது, நடையும் கெடையாது. எங்க வூட்டுக்கு அது வெறும் பாட்டுதான். பாடு" என்று சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தார். அதே டேப் ரெக்கார்டர். வருஷா வருஷம் பெரம்பலூரில் கொடுத்துப் பழுது பார்த்து வைத்திருக்கிறார். கூடவே மேலுறை பிரிக்காத ஒரு கேசட். அழித்ததற்குப் பதிலாகக் கொடுக்கலாம் என்று அந்த வருஷமே வாங்கி, கொடுக்க வெட்கப்பட்டு வைத்துக்கொண்டதாம்.

மகனே, நீ இதைக் கேட்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள். என் குரல் நல்ல குரல் இல்லை. மூன்று இடத்தில் எனக்குத் தடுமாறுகிறது. நாலாவது திருப்பத்துக்குப் பிறகு வருவது மாமாவுடையதா, நானாக இட்டு நிரப்பியதா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. இதுதான் சவரி வாசித்த கடைசி நடை என்று யாரிடமும் சொல்லாதே. அது போய்விட்டது. இது உன் அம்மாவுக்கு ஞாபகம் இருப்பது, அவ்வளவுதான். மண்டபத்தில் போடாதே. தனியாக ஒருமுறை கேள். முடிந்தால் நடந்துகொண்டே கேள்.

காதர் அண்ணன் மிஷினை மேஜையில் வைத்தார். நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். "நீ எடு கைய. இந்தத் தடவ நான் அமுத்துறேன்" என்றார். இரண்டு விரல்களையும் இரண்டு பட்டன்களின் மேல் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிகிற மாதிரி மிஷினைக் கொஞ்சம் திருப்பினார். நான் வாயைத் திறந்தேன். அவர் இன்னும் அழுத்தவில்லை. மேலே நிமிர்ந்து டியூப்லைட்டைப் பார்த்தார். "அது சத்தம் போடும்னு அன்னைக்கு பஸ் ஏத்திவிடுறப்ப சவரி சொன்னான், டீச்சர் கண்டுபுடிச்சதுன்னு" என்றார். அண்ணி தட்டைக் கீழே வைத்துவிட்டு, முதலில் ஃபேனை நிறுத்தினார்கள். பிறகு லைட்டை அணைத்தார்கள்.